நெற்றியைத் துடைக்கும் ஆணை

கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவம் 1806-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் சிப்பாய்களுக்கான நிலையாணைகளைத் தொகுத்து வெளியிட்டது. அதில் ஒரு பத்தி முழுக்க முகத்தைப் பற்றியது. சீருடையில் இருக்கும்போது சிப்பாய் தன் சாதியைக் காட்டும் குறி எதையும் முகத்தில் இடக் கூடாது, காதில் கடுக்கன் போடக் கூடாது, மோவாயை மழித்திருக்க வேண்டும், மீசையும் கூடுமானவரை எல்லோருக்கும் ஒரே அளவாக, ஒரே வடிவமாக இருக்க வேண்டும். இதற்குச் சில மாதங்கள் முன்பு, 1805 நவம்பரில், தலைப்பாகைக்குப் புதிய மாதிரி ஒன்று அங்கீகரிக்கப்பட்டிருந்தது. அதன் முகப்பில் தோலாலான ஒரு சின்னம், மேலே பருத்திக் குஞ்சம். எட்ட நின்று பார்த்தால் தலைப்பாகையாகத் தெரியாது, தொப்பியாகத்தான் தெரியும். துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றச் சிப்பாய்க்குத் தரப்பட்ட சிறு கருவி மார்பில் தொங்கவேண்டும். அதன் வடிவம் சிலுவையை ஒத்திருப்பதாகப் பட்டாளத்தில் பேச்சு எழுந்தது. தளபதி சர் ஜான் கிரடாக்குக்கோ, ஆளுநர் வில்லியம் பெண்டிங்குக்கோ இதில் எங்கும் மதம் இருப்பதாகத் தோன்றவில்லை. மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளம் தலைப்பாகையை ஏற்க மறுத்தது. ஒரு இந்து ஹவில்தாருக்கும் ஒரு முஸ்லிம் ஹவில்தாருக்கும் ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை கவிழ்ந்தது. ஐரோப்பியரில் இருநூறு பேரளவில் கொல்லப்பட்டோ காயமுற்றோ விழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபோது செத்த சிப்பாய்கள் அதைவிட அதிகம். ஒரு வாரம் கழித்து, ஜூலை 17 அன்று, ஆணை திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு கிரடாக்கும் பெண்டிங்கும் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

வேலூர்ப் புரட்சியை நம் வரலாற்று நூல்கள் விடுதலைப் போரின் முதல் பக்கங்களில் வைத்திருக்கின்றன. அது அவற்றின் வேலை. நான் எடுத்துக்கொள்வது அந்தப் பத்திக்குள் இருக்கும் சமயக் கேள்வியை. நெற்றியில் இடும் நீறும் நாமமும், காதுக் கடுக்கனும், தாடியும், தலையில் சுற்றும் துணியும் சமயத்துக்குள் அடங்குமா, அதற்கு வெளியே நிற்குமா? உள்ளே என்றால் அதில் கைவைக்க அரசுக்கு உரிமையில்லை. வெளியே என்றால் அது வெறும் வழக்கம், வேலைக்கு வருகிறவன் விட்டுவிட்டு வரவேண்டியதுதான். அதிகாரிகள் 1806-இல் இப்படித்தான் யோசித்தார்கள், இன்றைய நீதிமன்றங்களும் ஏறக்குறைய இப்படித்தான் யோசிக்கின்றன. இந்தக் கேள்வியைக் கேட்ட விதமே தவறு என்று எனக்குப் படுகிறது. ஒரு குறியை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அது உள்ளா வெளியா என்று அதற்குள்ளிருந்து விடை வராது. அதை இடவோ எடுக்கவோ சொல்கிறவனுக்கும் சொல்லப்படுகிறவனுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

இதற்குச் சான்று தேட வேலூர் வரை போகவேண்டியதில்லை, ராமநாதபுரத்துச் சேதுக்கரை போதும். திருவாடானைப் பக்கத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ லிஸ்பனில் அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர். மறவர் சீமையில் அவர் நடமாடியதோ பண்டார சுவாமியாக, காவி உடுத்தி, தலைப்பாகை கட்டி, ஊன் தவிர்த்து. அருளானந்தர் என்ற பெயரில்தான் மக்கள் அவரை அறிந்தார்கள். ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் கோபத்துக்கு அந்த உடை காரணமல்ல. மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். வினை அங்கே விளைந்தது. காவியைப் பார்த்துச் சீமையில் யாரும் வாளை உருவவில்லை, ஆனால் அதே காவி ரோமாபுரியில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சண்டை மூட்டியது. பிரிட்டோவுக்கு முன்னோடியான ராபர்ட் டி நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, குடுமி வைத்து, பூணூல் போட்டு, சந்தனம் இட்டபோது அவருடைய சபையைச் சேர்ந்தவர்களே புகார் எழுதினார்கள். நொபிலியின் பதில் தெளிவானது: இவை குலத்தையும் மதிப்பையும் காட்டும் உலகியல் அடையாளங்கள், சமய அடையாளங்கள் அல்ல, ஆகவே கிறிஸ்தவனாகிறவன் இவற்றை விட வேண்டியதில்லை. பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி 1623-இல் நிபந்தனைகளோடு அதை ஏற்றார். பிறகு 1704-இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் டுர்னோன் பல வழக்கங்களையும் நெற்றிச் சாம்பலையும் விலக்கி ஆணையிட்டார். சர்ச்சை 1744 வரை ஓய்ந்தபாடில்லை.

இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். நொபிலி சொன்னார்: நெற்றிக்குறி சமயமல்ல, ஆகவே அதை வைத்துக்கொள்ளலாம். கம்பெனி சொன்னது: நெற்றிக்குறி சமயமல்ல, ஆகவே அதைத் துடைக்கலாம். முதல் வாக்கியம் இருவருக்கும் ஒன்றுதான், முடிவு நேர் எதிர். ஒரே அடிப்படையிலிருந்து இரண்டு எதிரெதிர் முடிவுகள் பிறக்கின்றன என்றால், அந்த அடிப்படை எதையும் தீர்மானிக்கவில்லை என்றுதான் பொருள். முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. நொபிலியின் முன் நின்றவன் தானாக வந்தவன், எதை விடுவது, எதை வைப்பது என்பது அவனோடு பேசி முடிக்கும் விஷயம். கிரடாக்கின் முன் நின்றவன் அணிவகுப்பில் நின்றவன். மறுத்தால் கசையடி.

குறியின் பொருள் காலத்துக்குக் காலம் புரளும் என்பதற்கு ஐரோப்பாவும் துருக்கியும் நல்ல சாட்சிகள். ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கிளர்ச்சியை அடக்கியபின் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1746-இல் அந்த மக்கள் தங்கள் மரபு உடையை அணியக் கூடாது என்று சட்டம் போட்டது. ஒரே ஒரு விதிவிலக்கு, மன்னரின் படையில் சேர்ந்தவன் அதே உடையைச் சீருடையாக அணியலாம். அந்தச் சட்டம் 1782 வரை நீடித்தது. உடை வெறும் துணி என்று நினைத்திருந்தால் இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். துணிக்குள் என்ன இருக்கிறது என்று லண்டனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, மதராஸில்தான் அது மறந்துபோயிற்று. உதுமானியப் பேரரசின் கதை இன்னும் கூர்மையானது. சுல்தான் இரண்டாம் மகமூது 1820-களின் இறுதியில் படைக்கும் அதிகாரிகளுக்கும் பழைய தலைப்பாகையை நீக்கி ஃபெஸ் தொப்பியைக் கட்டாயமாக்கினார். தரையில் நெற்றி பட்டுத் தொழவேண்டியவர்களுக்கு ஐரோப்பியத் தொப்பியின் விளிம்பு இடைஞ்சல், ஃபெஸ்ஸுக்கு விளிம்பு கிடையாது. அப்படியிருந்தும் அது புதுமை என்று பலர் முகம் சுளித்தார்கள். நூறு ஆண்டுகூட ஆகவில்லை, 1925-இல் அதே ஃபெஸ்ஸைத் தடைசெய்து முஸ்தபா கெமால் விளிம்புத் தொப்பியைச் சட்டமாக்கியபோது, அரசாணையில் பிறந்த அந்தத் தொப்பிக்காக மதத்தின் பெயரால் மக்கள் எதிர்த்து நின்றார்கள், சிலர் தூக்கிலும் ஏறினார்கள். இடைப்பட்ட காலத்தில் எந்த வேதமும் மாறவில்லை. தலைக்கு மேல் வந்த கைதான் மாறியது.

வேலூரில் மதம் ஒரு சாக்கு என்பார்கள், இது முதல் மறுப்பு. திப்பு சுல்தானின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள், அவர்களுடைய பணியாட்கள் புதிய தலைப்பாகையைக் காட்டிச் சிப்பாய்களைக் கேலி செய்தார்கள், புரட்சியன்று புலிக்கொடி ஏறியது. தவிர, சிப்பாய்கள் அதுவரை தோல்வார் இடுப்பில் கட்டியவர்கள்தானே, ஐரோப்பியச் சட்டை மாட்டியவர்கள்தானே, தலையில் ஒரு துண்டுத் தோல் வந்ததும் மட்டும் தீட்டாகிவிட்டதா? வலுவான வாதம்தான். இதில் பாதி உண்மை என்பதை நான் ஏற்கிறேன். அரசியல் இருந்தது, தூண்டுதலும் இருந்தது. ஆனால் எந்தப் பொருளை வைத்துத் தூண்டலாம் என்பது தூண்டுகிறவன் கையில் இல்லை. சம்பளத்தைச் சொல்லியும் தூண்டியிருக்கலாம், எடுபட்டது தலைப்பாகைதான். இடுப்பு வார் சேவையோடு வந்த பொருள், அதைக் கட்டியவன் புதிதாக ஒன்றைப் பெற்றுக்கொண்டான், தன்னுடையது எதையும் இழக்கவில்லை. நெற்றியைத் துடை, கடுக்கனைக் கழற்று, தாடியை மழி, தொப்பியைப் போடு என்று நான்கும் சேர்ந்து வந்தபோது அது உடையல்ல, ஓர் அறிக்கை. வெள்ளையரைத் தொப்பிக்காரர் என்றே அழைத்த நாட்டில் அந்தத் தொப்பியோடு கடைத்தெருவில் நடப்பவன், தான் எந்தப் பக்கம் போய்விட்டான் என்று வாய்திறக்காமலே சொல்லிக்கொண்டு நடக்கிறான். அவன் சொல்ல விரும்பாததை அவன் உடம்பைக் கொண்டே சொல்லவைத்ததுதான் இங்கே குற்றம். திருநீறு வேதத்தில் உண்டா இல்லையா என்று விசாரித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

உடம்பின் குறி ஒருவனின் பக்கத்தைச் சொல்வது இந்தச் சீமைக்குப் புதிய அனுபவமும் அல்ல. வேலூருக்கு ஐந்து ஆண்டு முன்பு, 1801 ஜூனில், சிவகங்கையின் சின்ன மருது திருச்சிக் கோட்டை வாயிலிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டவைத்த அறிவிப்பு கம்பெனியில் வேலைபார்க்கும் சுபேதார், ஹவில்தார், சிப்பாய் வரை எல்லோரையும் கூவி அழைத்தது. முகத்தில் மீசையுள்ளவர்கள் எழட்டும் என்பது அதன் தொனி. அந்த அக்டோபரிலேயே மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள், டிசம்பரில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை வந்தது. வேலும் வளரியும் போயின. மீசை மிஞ்சியது. அதற்கும் 1806-இல் அளவுகோல் வந்தது. சின்ன மருதுவிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றதாகப் பிற்காலத்தில் எழுதிய ஜேம்ஸ் வெல்ஷ், அந்த மருதுக்கு எதிரான படையெடுப்பில் இருந்தவர். வேலூருக்குப் பிறகு அதே 1806 நவம்பரில் பாளையங்கோட்டையில், சதி என்ற ஐயத்தின்பேரில் முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதத்தைப் பறித்துக் கோட்டைக்கு வெளியே அனுப்பியவரும் அவரே. தாடியை மழிக்கச் சொல்வதில் தொடங்கியது தாடிக்காரனைச் சந்தேகிப்பதில் வந்து நின்றது.

இன்னொரு மறுப்பு ஆன்மிகத்தின் பக்கமிருந்து வரும், அதை நான் கம்பெனியின் வாதத்தைவிட மதிக்கிறேன். மெய்யான பக்தி நெற்றியிலா இருக்கிறது? சித்தர்கள் புறச்சின்னங்களைப் பரிகசித்தவர்கள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் வரவேற்போடு 1897 ஜனவரியில் பாம்பனில் கரையிறங்கிய விவேகானந்தர், மறுநாள் ராமேசுவரம் கோயிலிலேயே நின்று சொன்னதும் இதைத்தான். புற வழிபாடு அக வழிபாட்டின் அடையாளம் மட்டுமே, அகத்தூய்மையும் ஏழையிடம் சிவனைக் காண்பதுமே உண்மையான வழிபாடு என்றார். இருபத்திரண்டு தீர்த்தங்களில் முழுகி ஈரம் சொட்டச் சொட்ட நீறு பூசிவரும் கூட்டம் நிறைந்த பிராகாரத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும். அப்படியென்றால் சிப்பாய் கிளர்ந்தது அறியாமையாலா? இங்கே ஒரு நூலிழை வேறுபாடு இருக்கிறது. புறச்சின்னம் போதாது என்று சொல்வது வேறு, புறச்சின்னத்தைப் பறிக்கலாம் என்பது வேறு. சித்தரின் பரிகாசம் பூசுகிறவனின் அறிவைப் பார்த்துப் பேசுகிறது. கேட்டவன் நாளை தானே நீற்றை விடலாம், விடாமலும் இருக்கலாம். தளபதியின் ஆணை அவன் அறிவைத் தொடவே இல்லை, நேராக நெற்றிக்குப் போகிறது. சமயம் முழுக்க அகத்தில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அகம் தன்னைத்தானே தீர்மானித்துக்கொள்ளும் உரிமை அதைவிட ஆழமான அகம் அல்லவா? விவேகானந்தரின் பேச்சை மேற்கோள் காட்டி ஒருவன் நெற்றியை இன்னொருவன் துடைக்க முடியாது.

எல்லாவற்றையும்விடக் கடினமான மறுப்பு அந்த ஆணையின் சொற்களிலேயே இருக்கிறது: சாதியைக் காட்டும் குறி. சாதிக்குறியை அழிப்பது நல்லதுதானே, அதை ஒரு அந்நியன் செய்தால் என்ன? நொபிலி காத்த பூணூல் இந்த மண்ணில் யாரைத் தாழ்த்தியது என்று நமக்குத் தெரியாதா? பிரிட்டோ காலத்து மதுரை மிஷனில் பிராமணத் துறவி வேறு, பண்டார சுவாமி வேறு என்று துறவிலேயே இரண்டு தட்டு இருந்தது. குறிகளைப் பண்பாடு என்று கொஞ்சுகிற எவரும் இந்தக் கணக்கைத் தீர்க்காமல் நகர முடியாது. முதலில் ஒன்று: கம்பெனி சாதியை ஒழிக்கப் புறப்படவில்லை. அதே காலத்தில் வங்காளப் படையில் உயர்சாதியினரைத் தேடித் தேடிச் சேர்த்து, அவர்களுடைய சமையல் ஆசாரங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தது. அணிவகுப்பில் குறி தெரியக் கூடாது என்பதுதான் அதற்கு வேண்டியது, குறியின் கீழே இருக்கும் ஏற்றத்தாழ்வு அப்படியே கிடந்தது.

சாதிக்கும் உடைக்கும் உள்ள உறவை உண்மையாகக் காண விரும்புகிறவர் ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் நடந்ததைப் பார்க்கவேண்டும். அன்றைய பரந்த மாவட்டத்தில் கள்ளர் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன், கோட்டு கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலாடையால் மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. அடுத்த ஆண்டு பட்டியல் நீண்டது. அந்த ஆண்டுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பின்னால் தம் சாதி பற்றிய நூலில் பதிவுசெய்தார். கிரடாக்கின் பத்தியையும் நாட்டார்களின் பட்டியலையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒன்று குறியை எடு என்கிறது, மற்றது தாழ்வின் குறியைச் சும என்கிறது. பார்வைக்கு நேரெதிர், ஆனால் இரண்டும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டவை. இன்னொருவனின் தலைமுடியும் காதும் மார்பும் என் ஆளுகைக்கு உட்பட்டவை என்பதுதான் அந்த இலக்கணம். ஆதிதிராவிட இளைஞன் ஒருவன் அந்த ஆண்டுகளில் கிராப்பு வெட்டிச் சட்டை போட்டுத் தெருவில் நடந்ததை எந்தச் சாத்திரத்தாலும் சமயக் கடமை என்று நிறுவ முடியாது. உள்ளா வெளியா என்ற பழைய கேள்வியிடம் போனால் அவனுடைய சட்டைக்குப் பாதுகாப்பே கிடையாது. நான் சொல்லும் கேள்வியிடம் வந்தால், நீறு துடைக்க மறுத்த சிப்பாய்க்கு உள்ள அதே நியாயம், சில சமயம் அதைவிடக் கூடுதலான நியாயம், அந்தச் சட்டைக்கு உண்டு. சாதிக்குறியைத் தானே அறுத்தெறிகிறவனும் அந்தச் சட்டைக்காரனின் பக்கத்தில் நிற்பவன்தான்.

படை என்றால் ஒரே மாதிரிதானே இருக்கவேண்டும் என்று கேட்பார்கள். படைக்கு ஒழுங்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒருமை எவ்வளவு வேண்டும் என்று படைகளே ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்று சொல்லியிருக்கின்றன. பிரஷ்யச் சிப்பாயின் இடுப்புவார்ப் பூட்டில் கடவுள் நம்மோடு என்ற வாசகம் பொறித்திருந்தது, அவனுடைய கூர்முனைத் தலைக்கவசத்தின் தகட்டிலும் கடவுள் பெயர் உண்டு. ஐரோப்பியச் சீருடை மதமற்ற துணி என்ற எண்ணம் அந்தப் பூட்டைப் பார்த்தால் போய்விடும். இரண்டு உலகப் போர்களிலும் சீக்கியர்கள் தலைப்பாகையோடே போரிட்டார்கள், இரும்புக் கவசத்தை ஏற்கவில்லை, அதனால் எந்த அணியும் கலையவில்லை. வேலூர் ஆணை திரும்பப் பெறப்பட்டபின் மதராஸ் படையும் கெட்டுப்போகவில்லை. நான்கே ஆண்டில், 1810-இல், மொரீஷியஸைப் பிடிக்கச் சென்ற படையில் அதன் சிப்பாய்கள் இருந்தார்கள். உயிருக்கு ஆபத்து என்ற காரணம் வேறு. நச்சுவாயு முகமூடி தாடியின்மேல் பொருந்தாது என்றால் அது அணிகிறவனுக்கே புரியக்கூடிய காரணம், அவனிடம் அதைச் சொல்லி மழிக்கச் சொல்லலாம். கிரடாக்கின் ஆணைக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. பார்வைக்கு நேர்த்தி, அவ்வளவுதான்.

நம் நீதிமன்றங்கள் பழைய கேள்வியையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அன்றைய மதராஸ் மாகாணத்தில் எழுந்த ஷிரூர் மடம் வழக்கில் 1954-இல் உச்ச நீதிமன்றம், ஒரு சமயத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறியவேண்டும் என்றது. நல்ல நோக்கம்தான். நடைமுறையில் அது நீதிபதியைச் சாத்திரம் புரட்டுகிறவராக்கியது. விமானப்படை ஊழியர் ஒருவரின் தாடி வழக்கில் 2016-இல் படையின் விதியே வென்றது. கர்நாடகத்தில் ஹிஜாப் இன்றியமையாததல்ல என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது, அக்டோபரில் உச்ச நீதிமன்ற அமர்வு இரண்டாகப் பிரிந்தது. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படையின் விமானத் தளம். கடற்படையில் மேலதிகாரியின் அனுமதி பெற்றுத் தாடி வளர்க்கலாம், மதம் எதுவானாலும். அதே வானத்தில் பறக்கும் விமானப்படையில் சீக்கியர் நீங்கலாகப் பெரும்பாலோருக்கு அது இல்லை. ஒரே அரசு, ஒரே கடற்கரை, தாடியின் இறையியல் மட்டும் படைக்குப் படை வேறு. அப்படியானால் தீர்ப்பு எழுதப்பட வேண்டியது தாடியைப் பற்றியல்ல.

என் கேள்விக்கும் ஓர் இடர் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கட்டாயம் எப்போதும் அரசிடமிருந்தே வருவதில்லை. ஒரு பெண் முக்காடு போடுவது தன் விருப்பமா, ஜமாத்தின் கண்டிப்பா? ஒரு விதவையின் வெறும் நெற்றி அவள் துக்கமா, ஊர் வாய்க்கு அஞ்சியதா? வெளியே நிற்கும் எந்த நீதிபதியாலும் அதைத் தொலைவிலிருந்து அளக்க முடியாது. அளக்க முடியாது என்பதால் அரசு முக்காட்டைப் பறிக்கட்டும் என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் முதல் கட்டாயத்தின் மேல் இரண்டாவது கட்டாயம் ஏறுகிறது, அந்தப் பெண்ணுக்கு வாயே இல்லாமல் போகிறது. நாட்டார்களின் எட்டுத் தடைகளுக்கு மாற்று எல்லோருக்கும் கோட்டு அணிவதைக் கட்டாயமாக்கும் ஒன்பதாவது ஆணை அல்லவே. சட்டை போட்டவன் அடிபடாமல் தெருவில் நடக்க வழிசெய்வதுதான் மாற்று. முக்காட்டை எடுத்தவளும் போட்டவளும் படிக்கவும் வேலைக்குப் போகவும், வீட்டைவிட்டு வந்தால் தனியே வாழவும் முடிகிற நிலையை அரசு உண்டாக்கட்டும். அவள் என்ன தேர்ந்தாள் என்ற விசாரணை அதற்குப் பிறகுதான் அர்த்தப்படும், பல இடங்களில் அப்போது அந்த விசாரணைக்குத் தேவையே இராது.